பலகை பொய் சொல்லாத நாள்

என் அத்தானுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதாவது ஒரு காகிதத்தில் இருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் மண்டையோடு. பிள்ளைகளுக்கு மண்டையோட்டு மாமா. கிடங்குக் கதவில் அவர் மாட்டிய பலகையால் வந்த பெயர் அது. மஞ்சள் தகரத்தில் ஒரு கறுப்பு மண்டையோடு, குறுக்காக இரண்டு எலும்பு, அதற்குக் கீழே 'விஷவாயு, உள்ளே வராதே' என்று பெரிய எழுத்து. வரைந்தவன் அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்திருப்பான் போல, மண்டையோடு பல்லைக் காட்டிச் சிரித்தது. ஊரும் அதைப் பார்த்துப் பதிலுக்குச் சிரித்துப் பழகிவிட்டது.

நான் அவருடைய மச்சினன். அவர் மனைவி என் கூடப்பிறந்த அக்கா. அவர் கிடங்குக்காரர், நான் லாரி டிரைவர். இரண்டு பேருக்கும் சோறு போட்டது ஒரே தொண்டு நிறுவனம்தான். அதன் முழுப்பெயர் வெளிநாட்டு மொழியில் நீளமாக இருக்கும், சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஊர் அதற்கு 'நிவாரணம்' என்று பெயர் வைத்து வேலையை முடித்துவிட்டது.

நிவாரணம் பிறந்த கதையை வருஷா வருஷம் பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். தூர தேசத்தில் ஏதோ ஒரு போர் முடிந்த சமயம். இரண்டு பள்ளிக்கூட டீச்சர்கள் தங்கள் வீட்டு முன்னறையில் போர்வைகளைச் சேர்த்து மூட்டை கட்டி, தோற்றுப்போன நாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். எதிரியின் பிள்ளைக்குப் போர்வையா என்று அக்கம்பக்கத்தார் அவர்கள் சன்னலில் கல்லை விட்டெறிந்தார்களாம். கண்ணாடிச் சில்லைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடியும் உட்கார்ந்து மூட்டை கட்டினார்கள். அந்த இரண்டு பேருடைய படமும் டவுன் ஆபீசில் மாட்டியிருக்கிறது. ஆபீசில் எதைப் பார்த்தாலும் எனக்கு நக்கல் வரும், அந்தப் படத்தைப் பார்த்தால் மட்டும் வராது.

எங்கள் பக்கம் அவர்கள் வந்தது பெரிய வெள்ளத்தின்போது. கூடாரம் வந்தது, மாவு வந்தது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை வந்தது. எல்லாவற்றையும்விட ஊரின் மனதில் நின்றது நீல விரிப்பு. நிவாரணத்தின் வெள்ளைக் கை முத்திரை போட்ட கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு, வீட்டுக்கு ஒன்று. அதுதான் கூரை, அதுதான் பாய், அதுதான் சுவர். அதன் மறைப்பில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். நீலம் கண்ணில் பட்டால் பிழைத்தோம் என்று அர்த்தம். அப்போது மூட்டை இறக்கக் கூலிக்குப் போன அத்தான், வெள்ளம் வடிந்த பிறகும் அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

நிவாரணமும் ஒட்டிக்கொண்டது. அடிபம்பு போட்டார்கள், விதை கொடுத்தார்கள், பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினார்கள். 'நிவாரணம்' போய் 'மேம்பாடு' வந்தது, அதற்கப்புறம் வேறு ஏதோ வந்தது. மேனேஜர் மாறும்போதெல்லாம் என் லாரிக் கதவில் ஒரு புது வாசகம் ஏறும். இன்னும் இரண்டு மேனேஜர் வந்தால் பெயின்ட் கனத்தில் கதவு சாத்தாது என்று ஒருமுறை கூட்டத்தில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் இருக்கிறதை இருக்கிறபடி சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாவது நின்றது அவர்களால்தான்.

அப்படி வந்ததுதான் கிடங்கும். மேடு எழுப்ப ஊரே மண் சுமந்தது. கூலி தானியமாகக் கிடைத்தது. மேட்டின்மேல் ஒரே நீளக் கூடம். ஒரு பாதியில் தானிய மூட்டைகள் அடுக்கியிருக்கும், இன்னொரு பாதி காலி. வெள்ளம் வந்தால் ஊர் அந்தக் காலிப் பாதியில் ஏறிக்கொள்ள வேண்டும். அதற்கு ஓர் எச்சரிக்கைக் குழு. தலைவி என் அக்கா. சைரன், சிவப்புக் கொடி, கைமைக், கிடங்கின் இரண்டாவது சாவி எல்லாம் அவள் பொறுப்பு. அவள் தொண்டைக்குக் கைமைக்கே வேண்டாம். வாசலில் நின்று அத்தானைக் கூப்பிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் 'என்ன?' என்று கேட்பான்.

கிடங்கு என்றால் வண்டு வரும். வண்டுக்கு மருந்து வைப்பது அத்தான் வேலை. அடுக்கு முழுவதையும் விரிப்பால் மூடி, ஓரங்களை மணல் பைகளால் அழுத்தி, உள்ளே தட்டுகளில் மாத்திரைகளை வைப்பார். காற்றின் ஈரம் பட்டதும் மாத்திரை வாயுவை விடும். வண்டு சாகும், எலி சாகும், ஆள் இருந்தால் ஆளும் சாவான். சில நாள் கழித்துத் திறந்து காற்றாட விட்டால் தானியம் பழையபடி நல்ல தானியம். வெயில் காலத்தில் மட்டும் வைக்க வேண்டும், வைத்தால் காவலுக்கு ஆள் இருக்க வேண்டும், பலகை மாட்ட வேண்டும், காற்றாடியதும் பலகையைக் கழற்ற வேண்டும். இதெல்லாம் விதி. தங்கமும் செம்பும் அந்த வாயு பட்டால் கறுத்துப்போகும் என்று, மருந்து வைக்கும் நாளில் அத்தான் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போவார். அக்கா அதைத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு திரிவாள். "இன்னைக்கு நான்தான் வீட்டுக்கு ஆம்பள" என்பாள்.

கெட்டது பலகையில்தான் தொடங்கியது. ஒரு கோடையில் கிடங்கிலிருந்து மூட்டைகள் களவு போயின. அத்தான் வாட்ச்மேன் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள், அந்தச் சொல்லுக்கு ஆபீசில் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அந்த முறை மருந்து வேலை முடிந்தும் அத்தான் பலகையைக் கழற்றவில்லை. களவு நின்றுபோனது. "சம்பளம் கேக்காத வாட்ச்மேன், மாப்ளே" என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டார். பலகை அப்படியே தொங்கியது. மழையிலும் வெயிலிலும் தொங்கியது.

அடுத்த வெள்ள ஒத்திகையில் சைரன் ஊதி, ஊர் படியேறி, பலகையைப் பார்த்துத் தயங்கி நின்றது. அக்கா மைக்கை எடுத்தாள். "அது சும்மா! களவாணிப் பயலுகளுக்கு! எங்க வீட்டுக்காரர் மூட்டைக்குக் காவல் வெச்சிருக்கார், நமக்கு இல்ல. உள்ள வாங்க, உள்ள வாங்க!" ஊர் கொல்லென்று சிரித்துக்கொண்டே உள்ளே போனது. அத்தான் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தார். வந்திருந்த மேனேஜரும் சிரித்தார். மண்டையோட்டுக்குக் கீழே பிள்ளைகள் நுழைவதைப் போட்டோகூட எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த ஒத்திகையிலும் யாரும் தயங்கவில்லை. இதை இப்போது நினைத்தால் எனக்கு மேனேஜரை அறையத் தோன்றுகிறது. அத்தானை அறையத் தோன்றுகிறது. அக்காவை மட்டும் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் வேறொரு கிடங்கிலிருந்து தானியம் வந்தது. இறக்கும்போதே மூட்டைகள் நமத்திருந்தன, தையல் வழியாக வண்டு ஊர்ந்தது. அத்தான் மேனேஜருக்குப் போன் போட்டார்.

"மழைக்காலம் சார். இப்ப மருந்து வைக்கக் கூடாது."

"புயல் வடக்க போகுதுன்னு சொல்லியாச்சு. சீக்கிரமே மூட்டைய குடுக்கணும். வண்டோட குடுப்பீங்களா?"

அத்தான் போனை வைத்தார். எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷர். அக்கா அன்றைக்கு ஆற்றோரக் குடிசைகளுக்குச் சைரன் பேட்டரி பார்க்கப் போயிருந்தாள், அங்கே போன் எடுக்காது. அத்தான் மோதிரத்தைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டார். "அக்கா வந்ததும் அவகிட்ட குடு. புரிஞ்சுக்குவா" என்றார். பிறகு முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய் வேலையை முடித்து வந்தார். அடுக்கை மூடியது வெள்ளைக் கை முத்திரை போட்ட நீல விரிப்புதான். கைவசம் இருந்தது அதுதான்.

காலி டப்பாக்களையும் முகமூடிகளையும் அன்றன்றைக்கே டவுன் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். லாரியில் ஏறி உட்கார்ந்தவரிடம் கேட்டேன். "அத்தான், காவலுக்கு?"

"யாரு வரப் போறா? அதான் பலகை தொங்குதே."

டவுனில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது வானம் கன்றிப்போய் இருந்தது. காற்றே இல்லை. பறவை ஒன்றுகூட இல்லை. அத்தான் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் லாரியின் வயர்லெஸ் கரகரத்தது. புயல் திரும்பிவிட்டதாம். எல்லாக் குழுக்களும் உடனே கொடி ஏற்றி மக்களைக் கிடங்குகளுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம்.

அத்தான் வயர்லெஸ்ஸைப் பிடுங்கினார். "எங்க குடோன் வேணாம்! எங்க குடோனுக்கு யாரும் போகாதீங்க!" என்று கத்தினார். பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது, போனிலும் சிக்னல் இல்லை. திரும்பத் திரும்பக் கத்தினார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, "அவகிட்ட சாவி இருக்கு மாப்ளே" என்றார். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் சாதாரண மழை இல்லை, வைப்பர் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத மழை. சாலை எது வயல் எது என்று தெரியாமல் மைல்கல்லைத் தேடித் தேடி ஓட்டினேன். பக்கத்தில் அவர் வாய் ஓயாமல் ஏதோ முணுமுணுத்தது. வேண்டுதலோ, மாத்திரைக் கணக்கோ, கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கிடங்கு மேட்டைச் சுற்றித் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. கதவு விரியத் திறந்திருந்தது. பலகை காற்றில் ஆடி ஆடிக் கதவில் தட்டியது. உள்ளே ஊர் முழுக்க இருந்தது. நனைந்த பிள்ளைகள், அவர்களைச் சுற்றிப் பெண்கள், எல்லார் தோளிலும் நீலம்.

அடுக்கின்மேல் விரிப்பு இல்லை. உருவி எடுத்து, கத்தியால் கிழித்து, ஆளுக்கொரு துண்டாகப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்தில் நீல விரிப்பு யாருக்கு என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம்? கூடம் முழுக்கப் பூண்டு அழுகின மாதிரி ஒரு நாற்றம்.

"வெளிய வாங்க! மருந்து வெச்சிருக்கேன்! எல்லாரும் வெளிய வாங்க!" அத்தான் வாசலில் நின்று அலறினார்.

"மண்டையோடு வந்தாச்சு டோய்!" என்றது ஒரு குரல். "மூட்டையத் தொடல மாமா, வந்து சரிபார்த்துக்கங்க!" சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு பிள்ளை வாந்தியெடுத்தது. நாள் முழுக்க நனைந்த பிள்ளை, வாந்தி வராதா என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

"விஷம்யா! நிஜமாவே விஷம்!"

"வெளிய மட்டும் என்ன வாழுது? தண்ணிதான்!"

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "எதுக்கு இப்படிக் கத்துறீங்க? பிள்ளைங்க பயப்படுதுங்க. விரிப்ப எடுத்ததுக்கா? நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். நடுங்கிட்டு நின்னாங்க."

அத்தானுக்குக் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இடது கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார். மோதிர விரலில் மோதிரம் இல்லை. வருஷக்கணக்காக வெயில் படாத வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது.

அக்கா அந்த விரலைப் பார்த்தாள். திரும்பி நின்று, மைக் இல்லாமல், நான் அதுவரை அவளிடம் கேட்டேயிராத மெல்லிய குரலில் சொன்னாள். "எல்லாரும் வெளிய போங்க. பிள்ளைங்களைத் தூக்கிக்கங்க. இப்பவே." அவள் கத்தாமல் பேசியதுதான் ஊரை நடுங்க வைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. முண்டியடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்கள். நானும் அத்தானும் கைக்கு வந்த பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி லாரிக்குள் போட்டோம்.

கால் முடியாத தையல்காரரை, காற்று படாமல் இருக்கட்டும் என்று அடுக்குக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் யார் யாரைத் தூக்கினார்கள் என்று தெரியாத கலவரத்தில் அவர் விட்டுப்போனது அக்காவுக்கு மட்டும்தான் ஞாபகம் வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். முகமூடி எல்லாம் டவுனில் பத்திரமாக இருந்தது. அத்தான் பின்னாலேயே ஓடினார். அவர் அடுக்கை எட்டுவதற்குள் அவள் தையல்காரரைக் கமுக்கட்டில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டாள். மீதி தூரம் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். வெளியே வந்து நின்று, "தலை கிர்ருங்குது, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

தையல்காரர் அன்றைக்கே போய்விட்டார். அக்கா மறுநாள் வரை ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்து பேசினாள். பிழைத்துவிட்டாள் என்றே நம்பினோம். பிறகு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அக்கா அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு, "பலகை சும்மான்னு ஊருக்கே சொன்னது நான்தான்ல" என்றாள். நான் கேட்ட அவளுடைய கடைசிப் பேச்சு அதுதான்.

விசாரணைக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மரியாதையான மனுஷர்கள், ஒரு அம்மா அழவும் செய்தார். எச்சரிக்கைப் பலகை விதிப்படி மாட்டப்பட்டிருந்தது என்று முடிவு சொன்னார்கள். மேனேஜருக்கு வேறு ஊர் கிடைத்தது. அத்தான் எழுந்து, "அப்ப யார் தப்பு?" என்று கேட்டார்.

"உங்க தப்பு இல்ல, ஐயா."

"அய்யோ, என் தப்புன்னு யாராவது எழுதுங்களேன்" என்றார். யாரும் எழுதவில்லை.

மோதிரத்தை அவரிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அவகிட்ட குடுக்கத்தானே சொன்னேன்" என்றார். அன்றிலிருந்து அது என் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. சட்டை மாற்றும்போது மோதிரத்தையும் மாற்றி வைப்பேன்.

கிடங்கில் மருந்து வைப்பது அதோடு நின்றது. பலகையை அத்தான் கழற்றி மடக்கி ஆற்றில் வீசினார். கூடத்தைக் கழுவினார், மறுபடி கழுவினார், கதவைத் திறந்தே போட்டார். கடைசியில் தன் கட்டிலையே அங்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் வாசலில் வந்து நின்று, போகிற வருகிறவர்கள் கண்ணில் படும்படி பல் தேய்ப்பார். நான் சாகவில்லை பாருங்கள் என்று காட்டத்தான். ஒத்திகைக்கு ஊர் வரும், படிக்குக் கீழே நிற்கும், கலைந்து போகும். எந்தப் பிள்ளையும் அவரை மண்டையோட்டு மாமா என்று கூப்பிடுவதில்லை. எதுவென்றும் கூப்பிடுவதில்லை.

இந்த மழைக்காலத்தில் வானம் அதே மாதிரி கன்றியது. புதுத் தலைவியாக வந்த நர்ஸ் சைரனை அழுத்தினாள், கொடி ஏறியது. நான் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனபோது ஊர் படிக்குக் கீழே நின்றது. தண்ணீர் கணுக்காலில் இருந்தது. அத்தான் வாசலில் நின்று கைகூப்பினார்.

"வாங்கம்மா. ஒண்ணுமில்ல. நான் இங்கதானே படுக்கிறேன். வாங்கய்யா."

ஒருவரும் அசையவில்லை. எல்லார் கண்ணும் அவர் இடது கையில் இருந்தது. மோதிரக் கதை ஊருக்குள் எப்போதோ பரவியிருந்தது. அந்த விரல் வெறுமையாக இருந்தது.

நான் படியேறினேன். சட்டைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்து, கேட்காமலே அவர் கையைப் பிடித்து விரலில் மாட்டினேன். இளைத்துப்போன விரல், மோதிரம் லொடலொடவென்று ஆடியது. அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு கையை உயரத் தூக்கி ஊருக்குக் காட்டினார்.

முன்வரிசையில் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். அன்றைக்கு அக்கா தன் கையாலேயே வெளியே தள்ளிக் காப்பாற்றிய பெண். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "பலகையையும் இவர்தானே மாட்டுனாரு?" என்றாள்.

ஊர் திரும்பியது. என் மனைவியும் நர்ஸும் இன்னும் சிலரும் மட்டும் மேலே வந்தார்கள். மற்றவர்கள் தண்ணீரில் அளைந்துகொண்டு சாலைக் கரையை நோக்கிப் போனார்கள், அதுதான் அடுத்த உயரம். போன வாரம்தான் அந்தக் கரையில் என் லாரியின் பின்சக்கரம் அச்சு வரை புதைந்தது. உள்ளே வெறும் சேறு. அதை நான் தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். நானும் நிவாரணத்து ஆள்தானே, யார் நம்புவார்கள்?

அத்தான் கையை இறக்கவே இல்லை. மழை வலுத்தது. கரையின் ஓரத்தில் மண் கட்டிகட்டியாகச் சரிவது எங்களுக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவர்கள் அதன்மேல் நெருக்கியடித்து நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.